முயல் வாங்கித் தந்த மலைகள்

குழந்தைகளே! நீல நிறச் சட்டை போட்ட குட்டி முயல் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கதைப் புத்தகத்தின் அட்டையிலோ, தொலைக்காட்சியிலோ, சினிமாவிலோ அது உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அதன் பெயர் பீட்டர். அம்மா பேச்சைக் கேட்காமல் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்து, காய்கறிகளை வயிறு முட்டத் தின்று, தோட்டக்காரரிடம் பிடிபடாமல் தப்பி ஓடி வரும் குறும்புக்கார முயல்.

அந்த முயலைப் படைத்தவர் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி. அவர் கதை எழுதினார், படம் வரைந்தார் என்பது பலருக்குத் தெரியும். அந்தக் கதைகளால் கிடைத்த பணத்தில் அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. நகை வாங்கிக் குவிக்கவில்லை. மாளிகை கட்டவில்லை. மலை வாங்கினார்! ஆடு வாங்கினார்! கடைசியில் அத்தனையையும் நாட்டு மக்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

ஏன் அப்படிச் செய்தார்? வாருங்கள், அவருடைய கதையைப் பார்ப்போம்.

மூன்றாம் மாடிச் சிறுமி

பீட்ரிக்ஸ் 1866-ம் ஆண்டு ஜூலை 28-ம் தேதி லண்டனில் பிறந்தார். தாத்தா காலத்துப் பஞ்சாலைத் தொழிலால் வந்த செல்வம் வீட்டில் நிறைய இருந்தது. அப்பா ரூபர்ட் பாட்டர் வழக்கறிஞர். ஆனால், அவருக்குப் புகைப்படம் எடுப்பதில்தான் ஆர்வம் அதிகம்.

வசதிக்குக் குறைவில்லை. ஆனால், பீட்ரிக்ஸுக்கு விளையாடத் தோழிகள் இல்லை. அவர் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை! அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு ஆசிரியைகள் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தருவார்கள். மூன்றாவது மாடியில் இருந்த குழந்தைகள் அறைதான் அவருடைய உலகம். தம்பி பெர்ட்ரம் அவரைவிட 6 வயது இளையவர். அவரும் கொஞ்சம் வளர்ந்ததும் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டார்.

தனிமையைப் போக்க அந்தச் சிறுமி என்ன செய்தார் தெரியுமா? பிராணிகளை வளர்த்தார். முயல், எலி, தவளை, பல்லி, வௌவால், முள்ளெலி என்று அந்த அறை ஒரு குட்டி மிருகக்காட்சிசாலை போல ஆகிவிட்டது! அவற்றை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்துப் படம் வரைந்தார். முயலின் காது எப்படி மடங்குகிறது, எலி எப்படி உட்கார்ந்து தின்கிறது என்று எல்லாவற்றையும் கவனித்தார். பார்த்ததைப் பார்த்தபடியே வரையும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

பதினைந்து வயதளவில் நாட்குறிப்பு எழுதவும் தொடங்கினார். அதுவும் சாதாரண எழுத்தில் அல்ல, தானே கண்டுபிடித்த ரகசிய எழுத்தில்! அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1958-ல்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் அந்த எழுத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்துப் படித்தார்.

ஏரிகளின் நாடு

கோடை வந்துவிட்டால் பாட்டர் குடும்பம் லண்டனை விட்டுக் கிளம்பிவிடும். முதலில் பல ஆண்டுகள் ஸ்காட்லாந்துக்குப் போனார்கள். 1882-ல், பீட்ரிக்ஸுக்கு 16 வயது நடந்தபோது, முதன்முதலாக 'லேக் டிஸ்டிரிக்ட்' என்ற பகுதிக்குப் போனார்கள். ஏரி மாவட்டம் என்று பொருள். இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிறது.

அந்த இடத்தைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். புல் போர்த்திய மலைகள். அவற்றுக்கு நடுவே நீளநீளமான ஏரிகள். இங்கிலாந்தின் மிக நீளமான ஏரியான வின்டர்மியர் அங்கேதான் உள்ளது. சுமார் 17 கிலோமீட்டர் நீளம்! இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமான ஸ்காஃபெல் பைக்கும் அங்கேதான். அதன் உயரம் 978 மீட்டர். மழைக்கும் பஞ்சமே இல்லை. சில இடங்களில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கும்.

மலைச் சரிவுகளில் கோடு போட்டது போலக் கற்சுவர்கள் ஏறி இறங்கும். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது. கல்லின் மேல் கல்லைப் பொருத்தி அடுக்கியே கட்டியவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து வந்து குடியேறிய வடநாட்டு மக்களின் சொற்கள் அங்கே இன்னும் வழங்குகின்றன. மலைக்கு 'ஃபெல்', ஓடைக்கு 'பெக்', மலைக்குளத்துக்கு 'டார்ன்' என்று பெயர்.

அந்தக் கோடையில் பாட்டர் குடும்பத்துக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அவர் அந்த ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார், ரான்ஸ்லி. இயற்கையின் மீது அவருக்கு உயிர். அழகான பள்ளத்தாக்குகளில் ரயில் பாதை போட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று அடுத்த ஆண்டே போராடி, ஒரு திட்டத்தைத் தடுத்தும் காட்டினார்.

பிறகு 1895-ல் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில் என்ற அம்மையார், ராபர்ட் ஹன்டர் என்ற வழக்கறிஞர் ஆகிய மூவரும் சேர்ந்து 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அழகான நிலங்களையும் பழைய கட்டடங்களையும் வாங்கி, விற்காமல், எல்லா மக்களுக்காகவும் காப்பாற்றி வைப்பதே அதன் வேலை. பீட்ரிக்ஸின் அப்பா அதன் முதல் ஆயுள் உறுப்பினர்களில் ஒருவர். இந்த அறக்கட்டளையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் இது மறுபடியும் வரும்.

மூடிய கதவு

பீட்ரிக்ஸுக்குக் காளான்கள் மீது தனி விருப்பம். காட்டில் தேடித் தேடி நூற்றுக்கணக்கான காளான்களை வரைந்தார். வரைந்ததோடு நிற்கவில்லை. காளானின் நுண்ணிய வித்துகள் எப்படி முளைக்கின்றன என்று நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ஒரு கட்டுரையும் எழுதினார்.

1897-ம் ஆண்டு அந்தக் கட்டுரை லண்டனில் உள்ள லின்னேயன் சங்கம் என்ற அறிவியல் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. ஆனால், எழுதிய பீட்ரிக்ஸ் அந்தக் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. காரணம் என்ன தெரியுமா? அவர் பெண்! அந்தக் காலத்தில் அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் பெண்களுக்கு அனுமதி இல்லை. வேறொருவர்தான் அவருக்காகக் கட்டுரையை எடுத்துச் சென்றார். பிறகு பீட்ரிக்ஸ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அச்சாகவே இல்லை.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1997-ல், அவரை நடத்திய விதத்துக்காக அந்தச் சங்கம் வருத்தம் தெரிவித்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

கடிதத்தில் பிறந்த முயல்

பீட்ரிக்ஸின் பழைய ஆசிரியை ஒருவருக்கு நோயல் என்ற மகன் இருந்தான். 1893-ம் ஆண்டு, ஐந்து வயதில், அவன் உடல்நலமில்லாமல் படுத்திருந்தான். அவனை மகிழ்விக்க பீட்ரிக்ஸ் ஒரு கடிதம் எழுதினார். அதில் நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படம் போட்டுச் சொன்னார். அப்படிப் பிறந்தவன்தான் பீட்டர்!

சில ஆண்டுகள் கழித்து அதைப் புத்தகமாக்க விரும்பினார். பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அவர் சோர்ந்து போகவில்லை. 1901-ம் ஆண்டு டிசம்பரில் தன் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அதன் பிறகு 'ஃபிரெடரிக் வார்ன்' என்ற பதிப்பகம் முன்வந்தது. 1902-ல் வண்ணப் படங்களோடு புத்தகம் வெளிவந்தது. சின்னக் கைகளில் அடங்கும் சின்னப் புத்தகம். சுடச்சுட விற்றது!

அதன் பின் அணில், எலி, வாத்து, பூனை என்று புத்தகங்கள் வரிசையாக வந்தன. பீட்டர் முயல் பொம்மையும் 1903-லேயே உருவானது. முப்பத்தைந்து வயதுக்கு மேல், தன் புத்தகங்களால் வந்த பணத்தை பீட்ரிக்ஸ் கையில் பார்த்தார்.

பதிப்பகத்தில் அவருடைய புத்தகங்களைக் கவனித்துக்கொண்டவர் நார்மன் வார்ன். அன்பானவர். 1905-ல் இருவரும் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்தார்கள். வியாபாரக் குடும்பத்து மாப்பிள்ளை வேண்டாம் என்று பீட்ரிக்ஸின் பெற்றோர் எதிர்த்தார்கள். ஆனாலும் பீட்ரிக்ஸ் உறுதியாக நின்றார். ஆனால், விதி வேறு மாதிரி இருந்தது. ஒரே மாதத்தில் நார்மன் நோயில் விழுந்து இறந்துபோனார்.

அந்தத் துயரத்தோடு பீட்ரிக்ஸ் ஏரி மாவட்டத்துக்குப் போனார். நியர் சாரே என்ற சிற்றூரில் 'ஹில் டாப்' என்ற சிறிய பண்ணையை, புத்தகத்தில் வந்த பணமும் அத்தை ஒருவர் விட்டுச் சென்ற பணமும் சேர்த்து, அதே 1905-ல் வாங்கினார்.

லண்டன் அம்மா கற்ற விவசாயம்

லண்டனில் வளர்ந்த படம் வரையும் அம்மாவுக்குப் பண்ணையைப் பற்றி என்ன தெரியும்? ஊர்க்காரர்கள் சிரித்திருப்பார்கள், இல்லையா? ஆனால், பீட்ரிக்ஸ் கற்றுக்கொண்டார். முயல் காதை உற்றுப் பார்த்த அதே கண்ணால் ஆட்டையும், மாட்டையும், சுவரையும், கால்வாயையும் பார்த்தார். பண்ணையைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தை வெளியேற்றாமல், அவர்களுக்கு இடம் போதாது என்று வீட்டைப் பெரிதாக்கிக் கட்டிக் கொடுத்தார்.

அந்தப் பண்ணையும் ஊரும் அவருடைய கதைகளுக்குள் நுழைந்தன. 1908-ல் வந்த ஜெமிமா என்ற வாத்தின் கதையில் ஹில் டாப் பண்ணையையே பார்க்கலாம்.

புத்தகப் பணம் வர வர, அக்கம்பக்கத்து நிலங்களையும் வாங்கினார். 1909-ல் 'காசில் ஃபார்ம்' என்ற பண்ணை வந்து சேர்ந்தது. நிலம் வாங்கும் பத்திர வேலைகளில் உதவியவர் வில்லியம் ஹீலிஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞர். அவருக்கு அந்தப் பகுதியின் ஒவ்வொரு வயலும் அத்துப்படி. இருவருக்கும் மனம் ஒத்துப்போனது. 1913-ல் திருமணம் நடந்தது. அப்போது பீட்ரிக்ஸுக்கு வயது 47. அதன் பிறகு ஊரில் அவர் பீட்ரிக்ஸ் பாட்டர் அல்ல, திருமதி ஹீலிஸ்!

தடித்த கம்பளித் துணி உடை, கட்டைச் செருப்பு, மழை வந்தால் தோளில் ஒரு சாக்கு. இதுதான் அவர் கோலம். ஒரு மழை நாளில் எதிரே வந்த நாடோடி ஒருவர், அவரையும் தன்னைப் போன்ற ஒரு நாடோடி என்று நினைத்துப் பரிதாபப்பட்டாராம். உலகம் முழுவதும் புத்தகம் விற்ற எழுத்தாளர் அவர்!

தன் மலையை மறக்காத ஆடு

இனி நம் கதையின் இன்னொரு நாயகரைப் பார்ப்போம். அது ஓர் ஆடு! ஹெர்ட்விக் என்ற இனத்துச் செம்மறி ஆடு. ஏரி மாவட்டத்துக்கே உரியது. குட்டியாகப் பிறக்கும்போது கரி போலக் கறுப்பு. வளர வளரப் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறமாகிவிடும். முகம் மட்டும் பனி தூவியது போல வெள்ளை. முரட்டுக் கம்பளி. காற்று, மழை, பனி எதற்கும் அசையாது. பனிக் குவியலுக்கு அடியில் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டும் பிழைத்து வந்த ஆடுகள் உண்டு.

அதைவிட ஆச்சரியம் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். மலை மேல் மேய்ச்சல் நிலத்தில் வேலி கிடையாது. பல பண்ணைகளின் ஆடுகள் மேயும். ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் பங்கு மலையை விட்டு அதிகம் விலகாது! எப்படி? தாய் ஆடு எங்கே மேய்ந்ததோ, அங்கேயே குட்டியும் கூடவே மேயும். எல்லை எது, ஒதுங்கும் இடம் எது, தண்ணீர் எங்கே என்று அம்மாவிடம் கற்றுக்கொள்ளும். அது பெரிதானதும் தன் குட்டிக்குக் கற்றுத் தரும். இப்படித் தலைமுறை தலைமுறையாக வரும் இந்தப் பழக்கத்துக்கு 'ஹெஃப்ட்' என்று பெயர்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கவனியுங்கள். ஒரு மந்தையை மொத்தமாக விற்றுவிட்டால், அந்த அறிவும் அதோடு போய்விடும். சந்தையில் வேறு ஆடு வாங்கி அந்த மலையில் விட்டால் அது எங்கேயோ ஓடிவிடும். சுவரைக் கட்டிவிடலாம், வீட்டைக் கட்டிவிடலாம். ஆட்டின் நினைவைக் காசு கொடுத்து வாங்க முடியாது! அதனால்தான் அங்கே பண்ணையை வாங்கினால், வாடகைக்கு எடுத்தால், ஆடும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறும். வாடகைக்கு இருப்பவர் போகும்போது அதே அளவு, அதே தரமுள்ள மந்தையை அடுத்தவருக்கு விட்டுப் போக வேண்டும்.

பீட்ரிக்ஸ் இதைப் புரிந்துகொண்டார். அந்த மலைகள் தானாக அப்படி ஆகவில்லை. ஆடு மேய்ந்ததால் புல்வெளி. மேய்ப்பர் அடுக்கியதால் சுவர். விவசாயி வாழ்வதால் வெள்ளை வீடு. மலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆட்டையும் மேய்ப்பரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

ஆனால், காலம் எதிராக இருந்தது. ஹெர்ட்விக் கம்பளி முரடு என்பதால் அதற்கு மதிப்புக் குறைந்தது. பலர் வேறு இன ஆடுகளுக்கு மாறினார்கள். கார்களும் விருந்தினர்களும் பெருகினார்கள். பண்ணைகளைத் துண்டு போட்டு விற்று, ஏரிக்கரையில் பங்களா கட்டலாம் என்று பலர் காத்திருந்தார்கள்.

நோயும் மருந்தும்

1923-ல் டிரவுட்பெக் பார்க் என்ற பெரிய மலைப் பண்ணை விற்பனைக்கு வந்தது. சுமார் 2000 ஏக்கர்! துண்டு துண்டாகி, கட்டடங்கள் எழுந்துவிடும் அபாயம் இருந்தது. பீட்ரிக்ஸ் அதை முழுசாக வாங்கினார்.

வாங்கிய பிறகுதான் சோதனை தொடங்கியது. ஈர நிலத்தில் மேய்ந்த ஆடுகளுக்கு ஈரல் தட்டைப்புழு நோய். ஆடுகள் மெலிந்து செத்துக்கொண்டிருந்தன. மற்றவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். பீட்ரிக்ஸ் புதிய மருந்துகளைத் தேடிப் பிடித்தார். டாம் ஸ்டோரி என்ற திறமையான இளம் மேய்ப்பரை நல்ல சம்பளம் கொடுத்து அழைத்து வந்தார். மந்தை மெல்ல மெல்லத் தேறியது.

பிறகு டாம் ஸ்டோரி ஹில் டாப் பண்ணைக்கு வந்து, ஹெர்ட்விக் ஆடுகளைக் கண்காட்சிக்குத் தயார் செய்தார். அந்தப் பண்ணை ஆடுகள் பரிசு மேல் பரிசு வாங்கின. ஒவ்வொரு கண்காட்சியிலும் மேய்ப்பர்களுக்கு நடுவே, கம்பளிக் கோட்டு போட்ட ஒரு பாட்டி ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் நம் பீட்ரிக்ஸ்!

ஐம்பது முயல்கள் காத்த கரை

1927-ல் வின்டர்மியர் ஏரிக்கரையில் 'காக்ஷாட் பாயின்ட்' என்ற அழகான இடத்துக்கு ஆபத்து வந்தது. அங்கே கட்டடம் வராமல் தடுக்க, நேஷனல் டிரஸ்ட் அதை வாங்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

பீட்ரிக்ஸுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கண் பார்வையும் மங்கிவிட்டது. ஆனாலும் தூரிகையை எடுத்தார். பீட்டர் முயலின் படங்கள் ஐம்பதைத் தன் கையாலேயே வரைந்து, கையெழுத்துப் போட்டு, அமெரிக்காவில் இருந்த தன் வாசகர்களுக்கு விற்க அனுப்பினார். கடல் கடந்து பணம் வந்தது. அந்த ஏரிக்கரை இன்றும் எல்லோரும் நடக்கும் திறந்தவெளியாக இருக்கிறது.

1930-ல் அதைவிடப் பெரிய காரியம். மங்க் கோனிஸ்டன் என்ற எஸ்டேட் விற்பனைக்கு வந்தது. சுமார் 4000 ஏக்கர்! மலையும், காடும், குளமும், பண்ணைகளும் அடங்கியது. நேஷனல் டிரஸ்டிடம் உடனே கொடுக்கப் பணம் இல்லை. பணம் சேர்க்கும் வரை காத்திருந்தால் நிலம் சிதறிவிடும். பீட்ரிக்ஸ் முந்திக்கொண்டு முழுவதையும் வாங்கினார். பிறகு பாதியை, வாங்கிய விலைக்கே டிரஸ்டுக்குக் கொடுத்தார். ஒரு காசு லாபம் வைக்கவில்லை!

அதன் பிறகு டிரஸ்டுக்காகச் சில ஆண்டுகள் அந்த எஸ்டேட்டை அவரே நிர்வகித்தார். எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தச் சுவர் சரிந்தது, எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம் என்று எல்லாம் அவருக்கு விரல் நுனியில். மரக்கன்றுகள் நட்டார். குடிசைகளைப் பழுது பார்த்தார். கோடையில் நகரங்களில் இருந்து வந்த சாரணச் சிறுமிகள் தன் நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்க இடம் கொடுத்தார். மலை மக்களுக்கானது என்று அவர் வெறுமனே சொல்லிக்கொண்டிருக்கவில்லை, பார்த்தீர்களா?

ஆனால் ஒன்று. இவ்வளவு வேலைக்கு நடுவே கதைகள் குறைந்துவிட்டன. நீங்கள் அவருடைய வாசகராக அந்தக் காலத்தில் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பீர்கள். புதிய முயல் கதைக்காக உலகமே காத்திருந்தது. அவரோ ஆட்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றைப் பெற வேண்டுமானால் இன்னொன்றை விட வேண்டியிருக்கிறது. அவர் மலையைத் தேர்ந்தெடுத்தார்.

கடைசிப் பரிசு

1943-ல் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் அவரைத் தன் அடுத்த தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான். பெண் என்பதால் ஒரு காலத்தில் அறிவியல் சங்கத்துக்குள் நுழைய முடியாதவரை, மலை மேய்ப்பர்கள் தங்கள் தலைவராக்கினார்கள்! ஆனால், பதவி ஏற்கும் முன்பே, 1943 டிசம்பர் 22-ம் தேதி, தன் 77-வது வயதில் அவர் காலமானார். அவருடைய சாம்பலை, அவர் விருப்பப்படியே, டாம் ஸ்டோரி அந்த மலைச்சரிவில் தூவினார். எந்த இடம் என்று ஊருக்குச் சொல்லவில்லை.

அவர் எழுதி வைத்த உயிலைப் படித்தபோதுதான் உலகம் வியந்தது. 4000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், ஒரு டஜனுக்கும் அதிகமான பண்ணைகள், வீடுகள், ஆட்டு மந்தைகள் எல்லாம் நேஷனல் டிரஸ்டுக்கு! கணவர் ஹீலிஸின் காலத்துக்குப் பிறகு அவை முழுவதும் டிரஸ்டிடம் சேர்ந்தன.

உயிலில் அவர் போட்ட நிபந்தனைகள் முக்கியமானவை. பண்ணைகளை நியாயமான வாடகைக்கே விட வேண்டும். மலைப் பண்ணைகளின் மந்தைகள் தூய ஹெர்ட்விக் இனமாகவே இருக்க வேண்டும். அதாவது நிலத்தை மட்டும் அவர் விட்டுச் செல்லவில்லை. அந்த நிலத்தில் நடக்கும் வேலையும் தொடரும்படி செய்துவிட்டுப் போனார்.

இன்று அந்த மலைகள்

1951-ல் ஏரி மாவட்டம் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா என்றதும் கூண்டும் வேலியும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் ஊர்கள், பள்ளிகள், பண்ணைகள் எல்லாம் உண்டு. மக்கள் வாழும் பூங்கா! 2017-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மலையையும் ஏரியையும் மட்டுமல்ல, அங்கே தலைமுறைகளாக நடக்கும் ஆடு மேய்ப்பையும் சேர்த்துத்தான் அந்தப் பெருமை.

பாதுகாப்பது அவ்வளவு எளிது என்று நினைக்காதீர்கள். ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அங்கே வருகிறார்கள். அத்தனை கால்களும் மிதித்தால் மலைப் பாதை என்ன ஆகும்? புல் போய், மண் கரைந்து, மழையில் பள்ளமாகிவிடும். அதனால் தன்னார்வலர்கள் கற்களைப் பதித்துப் பாதையைச் செப்பனிடுகிறார்கள். உயரமான இடங்களுக்குக் கற்களை ஹெலிகாப்டரில்கூடக் கொண்டுபோகிறார்கள்!

மலை ஏறுபவர்களுக்கும் சில விதிகள் உண்டு. திறந்து நுழைந்த கதவை மூட வேண்டும். குட்டி போடும் காலத்தில் நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும். சுவரின் மேல் ஏறக் கூடாது. ஒரு கல் விழுந்தால் அந்த இடைவெளியில் மந்தையே வெளியேறிவிடும் அல்லவா?

2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது ஆயிரக்கணக்கான ஹெர்ட்விக் ஆடுகளை இழக்க வேண்டி வந்தது. தன் மலையை அறிந்த மந்தைகள் போய்விட்டால் என்ன செய்வது என்று மேய்ப்பர்கள் கலங்கினார்கள். பீட்ரிக்ஸ் பயந்தது எது என்று அப்போது பலருக்குப் புரிந்தது. நல்ல வேளையாக அந்த இனம் தப்பியது.

இன்று இன்னொரு கேள்வியும் எழுந்திருக்கிறது. ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்தால் மரக்கன்றுகள் வளராது, மண்ணும் நீரும் கெடும் என்று இயற்கை ஆர்வலர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதனால் சில மலைகளில் ஆடுகளைக் குறைத்து மரம் நடுகிறார்கள். எவ்வளவு ஆடு, எவ்வளவு மரம் என்ற பேச்சு மேய்ப்பர்களுக்கும் அவர்களுக்கும் இடையே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பேசி முடிவு செய்வதற்கு அங்கே மலை மிச்சமிருக்கிறதே, அதுதான் பீட்ரிக்ஸ் கொடுத்த பரிசு!

ஹில் டாப் வீடு 1946 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அவர் விட்டுச் சென்றபடியே மேசையும் நாற்காலியும் இருக்கின்றன. குழந்தைகள் வந்து, கதையில் பார்த்த படிக்கட்டையும் கதவையும் தேடிக் கண்டுபிடித்துக் குதூகலிப்பார்கள். வெளியே வந்தால், வெள்ளை முகத்துச் சாம்பல் நிற ஆடுகள் மலையில் மேய்ந்துகொண்டிருக்கும்.

குழந்தைகளே! இனி எங்கேயாவது அந்த நீலச் சட்டை முயலைப் பார்த்தால், அதன் பின்னால் இருக்கும் மலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். உடல்நலமில்லாத ஒரு சிறுவனைச் சிரிக்க வைக்க எழுதிய கடிதம் அது. அந்தக் கடிதத்தில் இருந்த குட்டி முயல்தான், ஒரு மலைநாட்டையே வாங்கி மக்களுக்குக் கொடுத்திருக்கிறது!